முட்டி மெத்தை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் விசாரிப்பதை எல்லாம் பிறகு வைத்துக்கொள்வோம். இந்தக் கடிதம் கையில் கிடைக்கும்போது உன் காலில் அந்த முட்டி மெத்தை இருந்தால், முதலில் அதை அவிழ்த்துப் போடு. பேண்டையும் கழற்று. குழாயடிக்குப் போய் முழங்காலில் தண்ணீரை ஓடவிடு. போதும் போதும் என்று ஆகும்வரை ஓடவிடு. அதற்கப்புறம் உட்கார்ந்து மீதியைப் படி. அக்காவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தாலும் பரவாயில்லை, நினைத்துக்கொண்டே அவிழ்.

உங்கள் முகாமுக்கு வந்த போன சாமான் லாரியில் என்னுடைய கடிதம் ஒன்று வந்திருக்கும். அத்தான் காலில் சுடுதண்ணீர் கொட்டிவிட்டது, லேசான காயம், ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நீ ஒன்றும் கவலைப்படாதே என்று எழுதியிருந்தேன். அது பொய். கட்டிலில் படுத்துக்கொண்டு உன் அத்தான் சொல்லச் சொல்ல நான் எழுதிய பொய். சுடுதண்ணீரும் கொட்டவில்லை, வேறு எதுவும் கொட்டவில்லை. காயமும் லேசானது இல்லை. இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். வார்டுக்கு வெளியே உள்ள பெஞ்சில் உட்கார்ந்து, சாப்பாட்டுக் கூடையை மடியில் கவிழ்த்து வைத்து, அதன்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கூடையைத் திட்டு.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். மாவு மில்லுக்குப் புதிதாகக் கிடங்கு கட்டினார்கள் அல்லவா, அதற்குத் தரை போடும் வேலை அத்தானுக்கு வந்தது. இதுவரை அவர் போட்டது எல்லாம் வீட்டுத் தரைதான். ஒரு அறை, மிஞ்சிப்போனால் ஒரு கூடம், வைத்த டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவேன் என்று பீற்றிக்கொள்வாரே, அந்த மாதிரி வேலைகள். இது பெரிய மனிதர் வேலை. கிடங்கின் இந்த மூலையில் நின்று கூப்பிட்டால் அந்த மூலையில் இருப்பவருக்குக் கேட்காது. வேலை கிடைத்த அன்று வீட்டுக்குள் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே, தலை கூரையில் இடித்துவிடும் என்று நான் பயந்தேன்.

காலையில் கலவை லாரி வந்து கொட்டியதிலிருந்து பொழுது சாயும்வரை மண்டி போட்டபடியே இழுத்து, தேய்த்து, மட்டம் செய்திருக்கிறார். நடுவில் எழுந்து போனால் தரையில் கோடு விழுந்துவிடும், அந்தக் கோடு ஆயுசுக்கும் போகாது என்பது அவருடைய வேதம். உனக்குத் தெரியாததா. சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. ஒரு பன்னைக் கையில் வாங்கி, அதில் பாதி சிமெண்டைத் தின்றிருப்பார். முழங்காலில் நீ செய்து கொடுத்த மெத்தை. பழைய படுக்கையிலிருந்து அறுத்த ஸ்பாஞ்ச், அதன்மேல் சாக்கு, கட்டுவதற்குச் சைக்கிள் டியூப். நீ அதைத் தைத்துக் கொடுத்த நாளிலிருந்து அவர் பலகையைத் தொடவில்லை. முன்பெல்லாம் ஈரத் தரையில் பலகையைப் போட்டு, அதன்மேல் மண்டி போட்டு, இரண்டு கை எட்டும் தூரம் தேய்த்துவிட்டுப் பலகையை நகர்த்துவார். மெத்தை வந்ததும் அந்தப் பலகை கோழிக்கூண்டுக்குக் கதவாகிவிட்டது. என் மச்சான் எனக்கு முட்டியை மீட்டுக் கொடுத்துட்டான் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து, முட்டி ரெண்டும் காந்துது என்றார். பார்த்தேன். சிவந்திருந்தது, அவ்வளவுதான். நான் யார் என்று உனக்குத் தெரியும். விடுதி அடுப்பங்கரையில் பெரிய பெரிய அண்டாக்களோடு மல்லுக்கட்டுகிறவள். என் இரண்டு கையிலும் எண்ணெய் தெறிக்காத இடம் இல்லை. சூடு பட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும், பற்பசை தடவக் கூடாது, கொப்புளத்தை உடைக்கக் கூடாது என்று அங்கே வேலைக்கு வருகிற ஒவ்வொருத்திக்கும் பாடம் நடத்துகிறவள் நான்தான். ஆனால் இவருக்குச் சூடு எங்கே பட்டது. நெருப்புப் பக்கமே போகாத மனிதர், ஒரு டீ போடச் சொன்னால்கூட அடுப்பைத் தேடுவார். நாள் முழுக்கத் தேய்த்ததில் உராய்ந்திருக்கும் என்று நினைத்தேன். வீட்டில் இருந்த களிம்பைப் பூசி, துணியைச் சுற்றி, படுங்கள் என்று சொல்லிவிட்டேன். உடம்பைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. அப்படியே தூங்கிவிட்டார்.

காலையில் துணியைப் பிரித்தால் வலது முட்டியில் தோல் கறுத்துப் போயிருந்தது. பழைய செருப்பின் அடித்தோல் மாதிரி இருந்தது. மெதுவாக விரலால் தொட்டு, வலிக்குதா என்று கேட்டேன். வலிக்கலியே என்றார். தம்பி, அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா என்று போய் இட்டலிக்கு மாவு கரைத்தேன். இடது முட்டிதான் எரிகிறது என்று முனகினார். அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் நான் இடது முட்டிக்காக வேண்டிக்கொண்டே போனேன்.

அங்கே ஒரு லேடி டாக்டர். நம் விடுதிப் பெண்கள் வயதுதான் இருக்கும். முட்டியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. எதுல சுட்டுக்கிட்டீங்க என்றார். சுட்டுக்கொள்ளவே இல்லை என்றோம். திரும்பத் திரும்பக் கேட்டார், நாங்களும் திரும்பத் திரும்பச் சொன்னோம். பிறகு என்னை மட்டும் திரைக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், என் கையில் இருந்த தழும்புகளைப் பார்த்துக்கொண்டே, வீட்டுல ஏதாச்சும் சண்டையா, பயப்படாம சொல்லுங்க என்றார். எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் புருஷனை மண்டி போடவைத்துச் சூடு வைத்தேன் என்று நினைத்துவிட்டார். எத்தனையோ தடவை வைக்கலாம் என்று தோன்றியிருக்கிறது, வைத்ததில்லை என்று சொல்லலாம் என்று பார்த்தேன். அந்தப் பெண் சிரிக்கும் முகத்தோடு இல்லை.

நேத்து என்ன வேலை செஞ்சீங்க என்று அவர் அத்தானிடம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தது. சிமெண்ட் என்ற வார்த்தையைக் கேட்டதும் டாக்டர் எழுந்துவிட்டார். காரம் இருக்கிறதா என்று பார்க்கும் சின்னத் தாள் ஒன்றை நனைத்து முட்டியில் ஒட்டினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கருநீலமாக மாறியது. இன்னும் சுட்டுக்கிட்டுதான் இருக்கு என்றார். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். நெருப்பும் இல்லை, புகையும் இல்லை, ஃபேன் காற்றில் உட்கார்ந்திருக்கிறார் மனிதர். அவர் கால் எரிந்துகொண்டிருக்கிறது என்கிறார்கள்.

பிறகு அவரைக் குளியலறையில் உட்காரவைத்து, குழாயைத் திறந்துவிட்டு, நேரம் போவது தெரியாமல் தண்ணீர் ஓடவிட்டார்கள். தாள் நிறம் மாறுவது நிற்கும்வரை விடவில்லை. அந்த டாக்டர் எனக்குப் பொறுமையாகச் சொன்னதை உனக்குச் சொல்கிறேன். காய்ந்த சிமெண்டைவிட ஈரமான சிமெண்ட்தான் பொல்லாதது. தண்ணீர் பட்டதும் அதற்குள் இருக்கும் சுண்ணாம்புக் காரம் வேலையைத் தொடங்கிவிடுகிறது. தோலைக் கரைத்துக்கொண்டு உள்ளே உள்ளே போகிறது. நெருப்புன்னா உடனே கையை இழுத்துக்குவோம், இது சொல்லாம சுடும் என்றார். முதலில் வெறும் அரிப்புதான் இருக்குமாம், எரிச்சல் வருவதற்குள் பாதி வேலை முடிந்திருக்குமாம். தோலுக்கடியில் இருக்கும் நரம்பும் செத்துப்போனால் வலியே தெரியாதாம். வலிக்கிற முட்டி நல்ல முட்டி, வலிக்காததுதான் போன முட்டி. நான் வழியெல்லாம் தப்பான காலுக்கு வேண்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

அன்னிக்கே அவுத்துப் போட்டு அரை மணி நேரம் தண்ணியில காட்டியிருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது என்று டாக்டர் சொன்னபோது நான் தலையை ஆட்டினேன். குழாய்த் தண்ணீர் பாடம் நடத்துகிறவள் தலையை ஆட்டினேன்.

என்ன கட்டியிருந்தீங்க என்று கேட்டதால் வீட்டுக்குப் போய் உன் மெத்தையை ஒரு பையில் போட்டு எடுத்து வந்தேன். கட்டுப்போடும் நர்ஸம்மா கையுறை மாட்டிக்கொண்டு அதைப் பிழிந்தார். ஒரு நாள் கழித்தும் சாம்பல் நிறத் தண்ணீர் சொட்டியது. இதை நாள் முழுக்கக் கட்டியிருந்தாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒத்தடம் கொடுத்த மாதிரி கொடுத்திருக்கு என்று மட்டும் முணுமுணுத்தார். ஸ்பாஞ்ச் அந்தத் தண்ணீரை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு, முட்டியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வீட்டுத் தரை போட்டபோது சீக்கிரம் வேலை முடிந்ததால் அரிப்போடு போயிற்று. முட்டி கறுப்பாக இருக்கிறதே என்று நான் கேட்டபோதெல்லாம், கொத்தனார் முட்டி பின்ன ரோஜாப்பூவாவா இருக்கும் என்பார்.

இப்போது வைத்தியம். வலது முட்டியில் செத்த தோலை எல்லாம் மயக்க மருந்து கொடுத்து எடுத்துவிட்டார்கள். தொடையிலிருந்து மெல்லிசாகத் தோலைச் சீவி எடுத்து முட்டிமேல் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியது பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்காகக் காலை அசைக்காமல் ஒரு சட்டத்தில் கட்டிவைத்திருக்கிறார்கள். இடது முட்டிக்கு அறுவை வேண்டாம், வெள்ளைக் களிம்பு வைத்துக் கட்டுகிறார்கள். கட்டுப் பிரிக்கும் நேரம்தான் கொடுமை. செங்கல் காலில் விழுந்தபோது சிரித்த மனிதர், நர்ஸம்மாவின் தள்ளுவண்டிச் சத்தம் வராந்தாவில் கேட்டாலே என் கையைத் தேடுகிறார். நான் கையைக் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்த வார்டில் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர், கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறந்து மூஞ்சியைக் கொடுத்தவர். எதிரே ஒரு கரண்டு வேலைக்காரர். உள்ளங்கையில் சின்னப் புள்ளிதான் இருக்கிறது, உள்ளே கை முழுக்க வெந்திருக்கிறதாம். கடைசிக் கட்டிலில் ஒரு பெரியவர், கால் மரத்துப்போகும் சர்க்கரை வியாதிக்காரர், வெந்நீர்ப் பையைப் பாதத்தில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டவர். ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்லி முடித்து, உங்களுக்கு எதுல சுட்டுச்சு என்று அத்தானிடம் கேட்டார்கள். இவர் சிமெண்ட் என்றார். வார்டே சிரித்தது. டிரைவர் சிரிக்கப் போய் முகக்கட்டு இழுத்து, ஐயோ அம்மா என்று கத்தினார். அத்தானும் கூடச் சேர்ந்து சிரித்தார். கட்டுப் பிரித்ததைப் பார்த்த அன்றோடு அவர்கள் சிரிப்பதை விட்டுவிட்டார்கள்.

டாக்டரிடம் அவர் ஒன்றுதான் கேட்டார். திரும்ப மண்டி போடலாமா என்று. நடக்கலாம், மாடிப்படி ஏறலாம், பயிற்சி செய்தால் முட்டியும் மடங்கும் என்றார் டாக்டர். மண்டி போடற வேலை மட்டும் வேண்டாம், ஒட்டின தோல் தாங்காது என்றார். எனக்குத் தெரிஞ்ச வேலையே அது ஒண்ணுதானே டாக்டரம்மா என்று அத்தான் மெதுவாகச் சொன்னார். பிறகு வார்டுத் தரையைப் பார்த்தார். மட்டம் சரியில்ல, அந்தக் கதவுப் பக்கம் தண்ணி நிக்கும் என்றார்.

இப்போது உனக்குக் கேட்கத் தோன்றும், ஏன் பொய் எழுதினீர்கள் என்று. அவர்தான் என்னிடம் சத்தியம் வாங்கினார். உன் தம்பி பொறந்ததுலேர்ந்து உருப்படியா செஞ்சது அது ஒண்ணுதான், அதையும் அவன்கிட்டேர்ந்து புடுங்கிடாத என்றார். உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை என்பதற்கு என்னிடம் சாட்சி வேண்டுமா. தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மணி அடிக்கும் என்று நீ மாட்டியது, தொட்டி காலியானாலும் அடித்துத் தெருவையே எழுப்பியது. எலிப்பொறியில் என் விரல்தான் சிக்கியது. விஞ்ஞானி, விஞ்ஞானி என்று ஊரே கூப்பிட்டுச் சிரித்தபோது நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய். முட்டி மெத்தையைப் பார்த்துத்தான் யாரும் சிரிக்கவில்லை. அத்தான் உன் முதுகில் தட்டிய அன்று நீ சாப்பிடாமல் திண்டாடியது எனக்கு நினைவிருக்கிறது. சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை உனக்கு.

அதனால் நானும் சரி என்று எழுதிவிட்டேன். கடிதம் போன பிறகுதான், நீ மலைமேல் சுரங்க வேலைக்குக் கிளம்பும்போது உனக்கென்று ஒரு ஜோடி மெத்தையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனது உறைத்தது. உங்கள் முகாமில்தான் டவர் கிடையாதே. கம்பெனி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்து, எமர்ஜென்சியா என்றாள். ஆமாம் என்றேன். என்ன விஷயம் என்றாள். என் தம்பி முழங்காலில் கட்டியிருப்பதை அவிழ்க்கச் சொல்லுங்கள் என்றேன். அவள் வைத்துவிட்டாள்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது அடுத்த பொய்யாகிவிடும். இருந்தது. கட்டுப் பிரிக்கும்போது அவர் கத்திய முதல் நாள், நீ எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். இப்போது அது இல்லை. உனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியாது, கலவை லாரிக்காரனுக்குத் தெரியாது, தினமும் சூட்டோடு புழங்குகிற எனக்கும் தெரியாது. சிமெண்ட் மூட்டையின் மேல் பொடி எழுத்தில் என்னவோ போட்டிருக்கிறதாம், டாக்டர் சொன்னார். நாங்கள் அந்த மூட்டையைக் கிழித்துத்தான் பழக்கம், படித்துப் பழக்கமில்லை.

நர்ஸம்மா கூப்பிடுகிறார். வந்து எழுதுகிறேன்.

*

மறுநாள் எழுதுகிறேன். அதே பெஞ்ச். தம்பி, உன் கடிதம் இன்று காலையில் வந்தது. என்னுடைய முதல் கடிதம் உனக்குக் கிடைப்பதற்கு முன்னால் நீ எழுதியது. விடுதிக் காவலாளி ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து கொடுத்தார். நின்றபடியே பிரித்தேன்.

சாமான் ஸ்டோரிலேயே உட்கார்ந்த வேலை கிடைத்துவிட்டது, இப்போது தரை வேலைக்கு நான் இறங்குவதே இல்லை அக்கா என்று நீ எழுதியிருந்ததைப் படித்தேன். எனக்கு உயிர் வந்தது. உன் முட்டி தப்பித்தது என்று அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டேன். அடுத்த வரியைப் படித்தேன்.

ஸ்டோரில் உட்கார்ந்து நீ என்ன செய்கிறாய் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை. பெரிய இன்ஜினியர் உன் மெத்தையைப் பார்த்துவிட்டு முதுகில் தட்டினார், மூட்டை மூட்டையாக ஸ்பாஞ்ச் வரவழைத்துக் கொடுத்தார், தரை போடும் ஆட்கள் அத்தனை பேருக்கும் தைத்துக் கொடுத்துவிட்டாய். எல்லோரும் அதைக் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். இங்கேயும் என்னை விஞ்ஞானி என்றுதான் கூப்பிடுகிறார்கள் அக்கா, ஆனால் கேலியாக இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, சிலருக்கு அரிக்கிறதாம், புதுசுதானே, பழகிவிடும் என்று சொல்லியிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அடுத்த வாரம் சுரங்கத்துக்குள் பெரிய தளம், நிறுத்தாமல் போடப் போகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். காவலாளி தண்ணீர் கொண்டுவந்தார், என் தம்பிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு. என் தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அத்தானிடம் மறைக்க முடியவில்லை. என் முகத்தையும் கையிலிருந்த கடிதத்தையும் பார்த்துவிட்டு, படி என்றார். படித்துக் காட்டினேன். முதுகில் தட்டிய இடம் வரும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அரிக்கிறதாம் என்ற இடம் வந்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. சட்டத்தில் கட்டியிருந்த காலை இழுத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். நான் போறேன், நான் போய் காட்டறேன், பாத்தாத்தான் நம்புவானுங்க என்றார். நர்ஸம்மாவும் லாரி டிரைவரும் சேர்ந்து பிடித்துப் படுக்கவைத்தார்கள். ஒட்டிய தோல் ஒரு ஓரம் பெயர்ந்துவிட்டது. டாக்டர் திட்டிவிட்டுச் சரி செய்திருக்கிறார். பிடிக்குமா என்று இரண்டு நாளில் தெரியும் என்கிறார்கள்.

படுத்தபிறகு, எழுது என்றார். நேற்றே எழுத ஆரம்பித்துவிட்டேன் என்று சொன்னேன். சத்தியத்தை மீறியதற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். நல்ல வேளை, உனக்காவது புத்தி இருந்துச்சு என்றார். இனி வருவது எல்லாம் அவர் சொல்லியது.

மெத்தை எல்லாவற்றையும் வாங்கி எரித்துவிடு. அலசிக் காயவைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதே. ஈரத்தில் பலகை போட்டு அதன்மேல்தான் மண்டி போட வேண்டும், நேரமானால் ஆகட்டும். ரப்பர் பூட்ஸ் போடுகிறவர்கள் பேண்டைப் பூட்ஸுக்குள் சொருகக் கூடாது, வெளியே விட வேண்டும், உள்ளே கலவை போனால் அதே கதைதான். கலவைத் தண்ணீரில் துணி நனைந்தால் அந்த நிமிடமே கழற்ற வேண்டும். முதல்ல தண்ணி, நிறைய தண்ணி, தண்ணி மட்டும்தான் என்றார். இங்கே ஒருவர் எலுமிச்சையோ வினிகரோ ஊற்றினால் சுண்ணாம்பு முறிந்துவிடும் என்றார், டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார். களிம்பும் பூசவிடாதே. அரிப்பவர்களை எல்லாம் டாக்டரிடம் காட்டு. யாருக்காவது தோல் கறுத்திருந்து, அவன் வலிக்கலன்னு சொன்னா, அவனைத்தான் முதல்ல லாரியில ஏத்தணும் என்றார். இதை இரண்டு தடவை சொன்னார், நானும் அடியில் கோடு போடுகிறேன்.

அலுவலகத்துக்கு மறுபடி போன் செய்தேன். இந்தத் தடவை டாக்டரே பேசினார். குறித்துக்கொண்டோம், சொல்கிறோம் என்றார்கள். அந்த வார்த்தையை நம்பி நான் உட்கார்ந்திருக்கத் தயாராக இல்லை. நாளைக் காலை சாமான் லாரி கிளம்பும் இடத்துக்கே போய், டிரைவர் கையில் இதைக் கொடுக்கப்போகிறேன். டாக்டர் தன் கைப்பட ஒரு தாளில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்திருக்கிறார், கூடவே இருக்கிறது. அதை இன்ஜினியரிடம் கொடு. ஆனால் தாளைக் கொடுத்துவிட்டு ஸ்டோருக்குள் போய் உட்கார்ந்துவிடாதே. அவர் தளம் போடும் தேதியைப் பார்ப்பார். முட்டியைப் பார்க்க வேண்டியவன் நீ.

உனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன்னைக் கேலி செய்யாத இடம் என்று இந்த உலகத்தில் முதன்முதலாக ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கேயே போய் எல்லோர் எதிரிலும் நின்று, நான் கொடுத்தது உங்களைச் சுடுகிறது என்று சொல்ல வேண்டும். சிலர் சிரிப்பார்கள், வலிக்கவே இல்லையே என்பார்கள். சிலர் அடிக்க வருவார்கள். அடித்தால் வாங்கிக்கொள். உன்மேல் ஒரு தூசி விழுந்தால் தெருவுக்கு வந்து சண்டை போட்டவள்தான் சொல்கிறேன், வாங்கிக்கொள். யாரும் நம்பாவிட்டால் தளத்தின் குறுக்கே படுத்துவிடு. நீ தைத்ததை நீயே உன் கையால் அவிழ்த்து, நீயே தண்ணீர் ஊற்று. அங்கே மண்டி போட்டிருக்கும் ஒவ்வொருவனுக்கும் எங்கேயோ ஒருத்தி, நான் நிம்மதியாக மாவு கரைத்த மாதிரி, இப்போது மாவு கரைத்துக்கொண்டிருப்பாள்.

அத்தான் கடைசியாக ஒன்று சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டிக்கிட்டவன் நான்தான், அவன் வந்து கட்டிவிடல, அதை அவன்கிட்ட சொல்லு என்றார். எல்லாம் முடிஞ்சதும் வீட்டுக்கு வரச் சொல்லு, எனக்கு நடை பழக ஒரு தோள் வேணும் என்றார்.

நீ நன்றாக இருக்க வேண்டும். அந்தக் கால்கள் எல்லாம் நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைத் திரும்பப் படிக்க உட்காராதே, மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருக்காதே. ஓடு தம்பி.

உன்னை இத்தனை நாளும் யார் முன்னாலும் விட்டுக்கொடுக்காத,
அக்கா